வீணையின் உறையைக் கழற்றிவிடு

கேள்வி: எனக்கு 18 வயது. ஒன்பது வருடமாக வீணை கற்றுக்கொள்கிறேன். வர்ணங்கள் முடித்து, கீர்த்தனை போய்க்கொண்டிருந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது, பிப்ரவரி மாதம் நீட்டுக்காக நிறுத்தினேன். 438தான் வந்தது. பயாலஜி 272, கெமிஸ்ட்ரி 104, பிசிக்ஸ் 62. இப்போது ரிப்பீட்டராக கோச்சிங் போகிறேன். ரிசல்ட் வந்த அன்றே அம்மா வீணைக்கு உறை போட்டு பீரோ பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார். "டாக்டரானப்புறம் ஆயுசு பூரா வாசிச்சுக்கோ" என்கிறார் அப்பா. தினமும் பதினான்கு மணி நேரம் படிக்கிறேன், ஐந்து மணி நேரம் தூங்குகிறேன். புத்தகத்தைத் திறந்தால் மனசு வீணைக்குப் போகிறது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்து வாசித்தேன். திருடின மாதிரி இருந்தது. ஒரு வருடம் முழுசாக விட்டுவிடட்டுமா, கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்:

அன்பு மகளுக்கு,

வைத்துக்கொள். தினமும் இருபத்தைந்து நிமிடம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதிக் கடிதம் நிபந்தனைகளுக்காக. இந்தப் பக்கத்தை அப்பா அம்மாவும் படித்தால் நல்லது.

உன் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதியிருந்தாய். கோச்சிங்கில் வாங்கிய டெஸ்ட் மார்க்குகள். ஜனவரியில் 431. வீணையை நிறுத்திய பிறகு மார்ச்சில் 425, ஏப்ரலில் 436. கடைசியில் நிஜத் தேர்வில் 438. நீ எதற்காக எழுதினாயோ தெரியாது, எனக்கு அது ஒரு நோயாளியின் சார்ட் மாதிரி இருந்தது. மூன்று மாதம் பத்தியம் இருந்திருக்கிறாய், காய்ச்சல் இறங்கவில்லை. அப்படியானால் காய்ச்சலுக்குக் காரணம் வேறு.

ஒரே ஆள், நாலே டெஸ்ட், ஒவ்வொரு வினாத்தாளும் ஒரு விதம். இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் எங்கே என்று உன் மார்க்கே காட்டுகிறது. 720இல் பயாலஜிக்கு 360. அதில் 272 வாங்கியிருக்கிறாய், நல்ல மார்க். பிசிக்ஸில் 45 கேள்வி, 180 மார்க், வந்திருப்பது 62. வீணைதான் மார்க்கைத் தின்றது என்றால் ஒரு தட்டில் மட்டும் கை வைத்திருக்காது. பிசிக்ஸ் கணக்கை நீ போட்டுப் பழகவில்லை, தீர்வைப் படித்துப் பழகியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னித்துக்கொள். ஆனால் தீர்வைப் பார்த்து "ஆமாம், புரிகிறது" என்று பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நீ வீணைக்காரி, உனக்கு இதை விளக்கவே வேண்டாம். டீச்சர் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டி யாருக்காவது வர்ணம் வந்திருக்கிறதா?

அடுத்தது அந்தப் பதினான்கு மணி நேரம். நான் நம்பவில்லை. பதினான்கு மணி நேரம் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், அதை நம்புகிறேன். அதில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு நேரம் பென்சிலைச் சுழற்றியது, எவ்வளவு நேரம் போன் என்பது உனக்குத்தான் தெரியும். ஐந்து மணி நேரத் தூக்கம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. பகலில் படித்ததை மூளை பதித்துக்கொள்வது தூக்கத்தில். அதைக் குறைத்தால் படித்ததே கரையும். இந்தத் தேர்வில் சரியான விடைக்கு 4, தவறானால் 1 போகும். தெரிந்த கேள்வியைத் தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் குறித்தால் ஐந்து மார்க் வித்தியாசம். ஆகவே முதல் நிபந்தனை, இருபத்தைந்து நிமிடத்தைத் தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஏழு மணி நேரம் தூங்கு. பிறகு வீணைக்கு நேரம் தேடு. கிடைக்கும்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். டாக்டரான பிறகு வாசிக்கலாம் என்று அவர் மனதாரச் சொல்கிறார். ஆனால் கணக்கு அவருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன் மேல் ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். பிறகு மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு, மேற்படிப்பு மூன்று வருடம். முதல் வருடத்திலேயே அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று மூன்று மலை. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் படிப்புத் தொடங்கும்போது ஒரு அறிமுகப் பயிற்சி வைத்து, அதில் விளையாட்டுக்கும் கலைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அது முடிந்ததும் வழக்கமான ஓட்டம்தான். "அப்புறம்" என்று ஒரு காலம் தனியாக வந்து உட்கார்ந்து உன்னைக் கூப்பிடப் போவதில்லை.

எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதற்குக் காத்திருந்தவள். நான் வாசித்தது வயலின். 1987இல், இங்கே மருத்துவப் படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்த காலம், "ஒரு வருஷம்தானே" என்று பெட்டியை மூடினேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானே மூடினேன். ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகலாம் என்றால் ஒரு அறையில் நான்கு பேர். பிறகு வார்டு, மேற்படிப்பு, கல்யாணம், குழந்தை. பதினோரு வருடம் கழித்துத் திறந்தால் வில்லின் முடியைப் பூச்சி அரித்திருந்தது. கம்பிகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு சாய்ந்து கிடந்தது. அதையெல்லாம் காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். விரல் சொன்னபடி கேட்கவில்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். காது மட்டும் எதையும் மறக்கவில்லை, அதுதான் கொடுமை. காந்தாரம் என்ற சுரம் எங்கே நிற்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிகிறது, விரல் போய்ச் சேரவில்லை. நான்கு நாள் வாசித்துவிட்டு மறுபடி மூடிவிட்டேன். என் மகள் அதை ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு எடுத்துப் போனாள். இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர்கள் வழக்கமாகச் சாதனையாளர்களை வரிசையாக நிறுத்துவார்கள். சீர்காழி சிவசிதம்பரம் டாக்டரும் பாடகரும் என்பது உன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வயிற்று அறுவை சிகிச்சையில் பில்ராத் என்ற பெயரை நீ கட்டாயம் படிப்பாய். வியன்னாவில் இருந்த அந்த மனிதர் பியானோவும் வயோலாவும் வாசிப்பவர், பிராம்ஸுக்கு நெருங்கிய நண்பர். ஆனால் அவர்களைக் காட்டி உன்னை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இரண்டிலும் ஜெயித்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். பெட்டியை மூடியவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. நீ பெரிய வித்வானாக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. விரலில் காய்த்த காய்ப்பு உதிராமல் இருந்தால் போதும்.

இந்த வருடம் வீணையிடம் கொஞ்சமாகக் கேள். புதுக் கீர்த்தனை எதையும் எடுத்துக்கொள்ளாதே. பாதி பாடமான சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதம், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும். படிக்கும்போது மனசு வீணைக்குப் போகிறது என்கிறாயே, நிறுத்தும்போது ஒரு கீர்த்தனை பாதியில் நின்றது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுதான் கூப்பிடுகிறதோ என்னவோ. இப்போதைக்கு ஆரம்பப் பாடங்களான ஜண்டை வரிசை, ஏழு அலங்காரம், உனக்கு நன்றாக வரும் ஒரு வர்ணம், மூன்று வேகத்தில். சலிப்பாக இருக்கும்தான். கை பழகிய வழியில் போகும், தலை ஓய்வெடுக்கும். நமக்கு இப்போது வேண்டியது அது.

நேரம், சாயங்காலம் கோச்சிங்கிலிருந்து வந்து முகம் கழுவியவுடன். ராத்திரி வேண்டாம், "இன்னும் ஒரு தடவை" என்று பதினொன்றாகிவிடும். மதியமும் வேண்டாம். நீட் வழக்கமாக மே மாத முதல் ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, 180 கேள்வி, 180 நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் அந்த மூன்று மணி நேரம் விழித்து வேலைசெய்ய உடம்பு இப்போதிருந்தே பழகட்டும். மாதிரித் தேர்வுகளையும் அதே நேரத்தில் எழுது. சமையலறை டைமரில் இருபத்தைந்து வை, போனில் வைக்காதே. போன் இன்னொரு அறையில் இருக்க வேண்டும். வாசிப்பதை ரீல்ஸாக எடுக்கவே கூடாது. முதல் டேக்கில் பிசிறு, இரண்டாவதில் வெளிச்சம் சரியில்லை, மூன்றாவதில் பின்னால் அம்மா குக்கர் விசில். வீணையால் படிப்பு நேரம் போய்விடும் என்று அப்பா பயப்படுகிறாரே, இரண்டு மணி நேரம் அங்கேதான் போகும்.

நவராத்திரிக்கு எல்லா வீட்டிலும் வாசிக்கக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வீடு. கச்சேரி, போட்டி, கிரேடு தேர்வு எல்லாம் அடுத்த வருடம்.

டீச்சரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பிப்ரவரியில் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டாயோ என்று சந்தேகப்படுகிறேன். அம்மாவை விட்டு வாட்ஸ்அப் அனுப்பச் சொல்லாதே. நீயே போ, வெற்றிலை பாக்கு பழத்தோடு போ. "மாதத்துக்கு ஒரு வகுப்புத்தான் வர முடியும், புதுப் பாடம் வேண்டாம், கை தவறாக எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள் டீச்சர்" என்று கேள். கோபப்பட்டால் கேட்டுக்கொள். விட மாட்டார்கள்.

பிசிக்ஸுக்கு வீணையைப் பயன்படுத்திக்கொள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. வீணை எதற்காவது உதவினால்தான் அதற்கு வீட்டில் இடம் என்று ஆகிவிட்டால், உதவாத அன்று அது பீரோ பக்கம் போய்விடும். (இதைச் சொல்லிவிட்டு என்னாலேயே வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வீணையில் கம்பியை வைத்து அழுத்தும் 24 மெட்டில் பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதியில் இருக்கிறது, அங்கே வருவது மேல் ஸ்தாயி. நீளம் பாதி, அதிர்வெண் இரட்டிப்பு, ப்ளஸ் ஒன் அலைகள் பாடம். திருச்சிக்காரர் சி.வி. ராமன் 1921இல் தம்பூரா, வீணைக் குதிரைகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வளைந்த குதிரை இருப்பதால், கோட்பாட்டின்படி கேட்கக் கூடாத மேற்சுரங்களும் அந்தக் கம்பியில் கேட்கின்றன என்று காட்டினார். தேர்வுக்கு வராது. சும்மா சொன்னேன்.)

அம்மாவுக்கு. வீணையை நீங்கள் ஒளித்து வைத்தது கோபத்தில் என்று உங்கள் மகள் நினைக்கிறாள். எனக்குப் பயம் என்று தோன்றுகிறது. கோச்சிங் ஃபீஸ் கட்டிய ரசீது ஒரு பக்கம், போன வருட மார்க் ஒரு பக்கம், ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் கைக்கு எட்டியது வீணை. ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தினமும் மூன்று எண், தூங்கிய மணி, வாசித்த நிமிடம், தானே போட்டு முடித்த பிசிக்ஸ் கணக்கு. வாராவாரம் டெஸ்ட் மார்க் அதன் கீழே. எட்டு வாரம் கழித்து நீங்கள், அப்பா, அவள் மூவரும் உட்கார்ந்து பாருங்கள். மார்க் இறங்கியிருந்தால் வீணை பதினைந்து நிமிடமாகட்டும். அதுவரை வீணைச் சத்தம் கேட்கும்போது அறைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

மகளே, அந்த நோட்டில் பொய் எழுதாதே. ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு 25 என்று போட்டால் அப்பா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நீ அனுப்பிய நான்கு பக்கத்தில் டாக்டராவது பற்றி மூன்று வரிதான் இருக்கிறது, அதில் இரண்டு அப்பா சொன்னவை. இதிலிருந்து நான் எதையும் முடிவு கட்டவில்லை. வலிக்கிற இடத்தைப் பற்றித்தான் எல்லாரும் நிறைய எழுதுவார்கள். ஆனாலும் மூன்றாவது வரியை நீயே ஒருமுறை எழுதிப் பார். எனக்கு அனுப்ப வேண்டாம்.

ஏப்ரல் கடைசி இரண்டு வாரம் உன் இஷ்டம். பத்து நிமிடம் வாசித்தாலும் சரி, தொடாவிட்டாலும் சரி.

உறையைக் கழற்றும்போது பார்த்துக் கழற்று. சாய்த்து வைத்த வீணை, குடமும் கழுத்துப் பக்கத்துச் சுரைக்காயும் அடி பட்டிருக்கிறதா என்று தடவிப் பார். ஜன்னல் வெயில் பட்டிருந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கலாம். அப்படியானால் நீ கை வைக்காதே, மெழுகு கட்டுபவரிடம் கொடு. இனி பாயில் படுக்க வை. கம்பி கறுத்திருந்தால் மாற்றிவிடு, புதுக் கம்பி சுருதியில் நிற்க இரண்டு மூன்று நாளாகும். முதல் வாரம் விரல் நுனி எரியும், தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்காதே. அன்று மதியம் உனக்கு மாதிரித் தேர்வு.