மட்பாண்ட வகுப்பு: கோப்பையின் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல்

வகுப்பு மதிப்பீட்டுக்குச் செய்த கோப்பையில் கைப்பிடி ஒட்டிய இடம் விரிந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ந்துவிட்ட கோப்பையில் அந்த விரிசலை ஈரமண்ணால் பூசாதீர்கள். கோப்பை சுருங்கி முடிந்துவிட்டது, பூசும் மண் இனிமேல்தான் சுருங்கும். அதே இடம் மறுபடி பிளக்கும், சூளையில் இன்னும் அகலமாகும்.

திங்களன்று கோப்பை, புதனன்று கைப்பிடி என்கிறீர்கள். நடுவில் மூடி வைத்ததாகச் சொல்லவில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான். பாதி உலர்ந்த கோப்பை உடலில் ஈரமான கைப்பிடியை ஒட்டினால் கைப்பிடிதான் அதிகம் சுருங்கும், இணைப்பை இழுத்துப் பிளந்துவிடும்.

கைப்பிடியை மெல்லக் கழற்றிப் பாருங்கள். ஒட்டிய முகம் வழவழப்பாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் போட்ட கீறல் போதவில்லை. மண் பிய்ந்து சொரசொரப்பாக வந்தால் பெரும்பாலும் ஈர வேறுபாடுதான் காரணம்.

அடுத்த முறை:

1. உடல், கைப்பிடி இரண்டிலும் நகத்தால் அழுத்துங்கள். இரண்டும் வளையாமல், ஒரே அளவு தடம் விழ வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.
2. ஒட்டும் இரு முகங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். வெறும் தண்ணீர் போதாது.
3. பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, இரண்டு மூன்று நாள் மெதுவாக உலர விடுங்கள்.

மதிப்பீட்டுக்கு நாள் இல்லையென்றால், கைப்பிடி இல்லாத குவளையாகவே கொடுக்கலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் கோப்பையின் வடிவம் நன்றாக வந்திருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். ஆனால் ஒட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். உலர்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரப் பஞ்சால் துடைத்தே சமன் செய்யுங்கள்.