காப்பாற்றப் போனவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிடலாமா?

கேள்வி: எங்களுக்கு அரியலூர் பக்கம் ஒரு கிராமம். குட்டி யானை வைத்துக் காய்கறி ஏற்றுகிறோம். கோயம்பேட்டில் சரக்கை இறக்கிவிட்டு நானும் என் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். விழுப்புரம் தாண்டி, இரவு இரண்டு மணி இருக்கும். முன்னால் போன வெள்ளை கார் ஒரு பைக்கைத் தட்டிவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது. டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. வண்டியில் தார்ப்பாய் விரித்துப் பையனைப் படுக்கவைத்தோம். மனைவி அவன் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் “போலீஸ் கேஸ், ஜி.எச். கொண்டுபோங்க” என்று சொல்லிவிட்டார்கள். ஜி.எச்.சில் சேர்த்தோம். விடிவதற்குள் போய்விட்டான். பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன்: மனைவியைக் கூட்டிக்கொண்டு, வண்டியையும் எடுத்துக்கொண்டு வரணுமாம். “உன் வண்டி இடிக்கலைன்னு என்ன நிச்சயம்?” என்கிறார்கள். ரத்தக் கறையை அன்றைக்கே கழுவிவிட்டேன், அது தப்பா? வேடிக்கை பார்த்தவனுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்? கார் நம்பரில் கடைசி இரண்டு எண் ஞாபகம் இருக்கிறது. வம்பு எதற்கு என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, கடைசி நேரத்தில் ஒரு தாயின் மடியில் தலை வைத்திருந்தான். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் சிக்கியவருக்குப் பலன் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மீதும் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்கிறது அது. தூக்கியதில் ஏதாவது தவறு நடந்திருந்தாலும், காயம்பட்டவர் இறந்தேபோனாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2020-இல் வந்த விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. உதவியவரின் பெயர், முகவரியைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. அவராக விரும்பிச் சாட்சி சொல்ல வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. இதற்கெல்லாம் முன்பே, 2016 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான வழிகாட்டுதல்களை ஏற்று நாடு முழுக்கக் கட்டாயமாக்கியிருக்கிறது.

போனில் வாய்மொழியாகக் கூப்பிடுவதற்கு வருவோம். சாட்சியை வரச்சொல்ல வேண்டுமென்றால் எழுத்து மூலம் ஆணை கொடுக்க வேண்டும். அதுவும் தன் ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவருக்குத்தான் கொடுக்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு இது. விழுப்புரம் பக்கத்து ஸ்டேஷன் உங்களை அரியலூரிலிருந்து இப்படி இழுக்க முடியாது. உங்கள் மனைவியை எந்த ஊரிலிருந்தாலும் முடியாது. பெண்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அடுத்த தடவை போன் வந்தால் கோபப்படாமல், “சார், நாங்க உதவி செஞ்சவங்க. வீட்டுக்கு வாங்க, தெரிஞ்சதைச் சொல்றோம். இல்லைன்னா எழுத்தில் அனுப்புங்க” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

சந்தேகம் உங்கள் வண்டி மேல்தான் என்றால் கதை கொஞ்சம் மாறும். இடித்தவரே உதவியவர் என்று பாதுகாப்புக் கேட்க முடியாது இல்லையா? ஆனால் நீங்கள் பயப்பட இதில் ஒன்றுமில்லை. கழுவியது பின்பக்கத் தட்டை, காய்கறி ஏற்றும் வண்டியை யாரும் அப்படியே விட மாட்டார்கள். இடித்ததா இல்லையா என்பதை முன்பக்கம் சொல்லும். பம்பர், ஹெட்லைட், பெயின்ட் எதையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். இன்றைக்கே நாலாபக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். சுங்கச்சாவடி கேமராவில் அந்த வெள்ளை காரும் சற்றுப் பின்னால் உங்கள் வண்டியும் பதிவாகியிருக்க வாய்ப்பிருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேமராப் பதிவு நாளானால் அழிந்துவிடும்.

இன்னொரு தாள் இருக்கிறது. ஜி.எச்.சில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். வக்கீல்கள் நாங்கள் அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்போம். எத்தனை மணிக்கு வந்தார், எங்கே, எப்படி அடிபட்டது, அழைத்து வந்தவர் யார் என்று இருக்கும். உங்கள் போன் நம்பர் ஸ்டேஷனுக்குப் போனது அனேகமாக அதிலிருந்துதான். அந்த ராத்திரி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், “கார் இடிச்சிட்டுப் போயிடுச்சு” என்று நீங்கள் டாக்டரிடம் சொன்னது அதில் ஏறியிருந்தால், உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். விபத்து வழக்குகளில் மற்ற பேச்செல்லாம் பிறகு, நீதிபதி முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான்.

வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முடிந்தும் உதவாமல் போவது குற்றம். நம் சட்டத்தில் வழிப்போக்கருக்கு அப்படி ஒரு கடமை கிடையாது. கடமை உள்ளவர்கள் வேறு. வண்டி ஓட்டியவர் நின்று, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வெள்ளை கார்க்காரர் அதை மீறிவிட்டார்.

அடுத்து, உங்களைத் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரி. பழைய சம்பவம் ஒன்று சொல்கிறேன். ஸ்கூட்டரில் போன ஒருவரை கார் இடிக்கிறது. யாரோ ஒரு நல்ல மனிதர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறார். இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார்கள். போகிற வழியிலேயே உயிர் போகிறது. இந்தச் செய்தியை வைத்துத் தொடர்ந்த பரமானந்த் கடாரா வழக்கில், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-இல். இத்தனை வருடம் கழித்து அதே வார்த்தையை உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் நேரம் குறிப்பிட்டுப் புகார் எழுதுங்கள். தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. பணம் யார் கட்டுவார் என்ற சாக்குக்கும் இடமில்லை.

கடைசியாக அந்த இரண்டு எண்கள். நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று போலீஸ் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நாளைக்கு நீதிமன்றமே சம்மன் அனுப்பினால் அது வேறு, போகத்தான் வேண்டும். இது வக்கீலாக நான் சொல்வது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். வண்டி தெரிந்துவிட்டால், அவன் வயது, சம்பாத்தியம், அவனை நம்பி இருந்தவர்கள் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து தீர்ப்பாயம் வாங்கித் தரும். பல மடங்கு வித்தியாசம் வரலாம். அந்த நஷ்டஈடு கேட்டு மனுப் போடச் சட்டத்தில் உள்ள கெடு ஆறு மாதம், அதில் பத்து நாள் போய்விட்டது. அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்காகக் காரைப் பார்த்த கண் உங்களுடையது. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தது அதற்குப் பிறகு நடந்ததை.

தயவுசெய்து சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வரச்சொல்லி, நீங்களும் உங்கள் மனைவியும் தனித்தனியாகச் சொல்லுங்கள். விரும்பினால் உறுதிமொழிப் பத்திரமாகவும் கொடுக்கலாம், அதையே முழு வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எண் இரண்டுதான் தெரியும் என்றால் இரண்டை மட்டும் சொல்லுங்கள், மூன்றாவதை யூகிக்காதீர்கள். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், வெற்றுத் தாளை நீட்டினால் எதற்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.