‘கேனரி இன் எ கோல் மைன்’: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே காட்டுவதைச் சொல்லும் இந்த ஆங்கிலத் தொடரை ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்று தமிழில் போட்டுவிடலாமா சார்?

பதில்: பாதிதான் பொருந்தும். மணி ஒலிப்பதால் மணிக்கு ஒன்றும் ஆகாது. நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிக் குருவியோ நச்சுவாயுவின் ஆபத்தைத் தன் உடம்பில் முதலில் வாங்கிக்கொள்கிறது. எல்லோரையும் தாக்கப்போவது மெலிந்தவரை முதலில் சாய்க்கும் இடத்தில்தான் இத்தொடர் சரி. ‘சுரங்கத்துக் குருவி’ என்று எழுதி, முதல் தடவை அரை வரி விளக்கம் சேருங்கள்.

கேள்வி: சுரங்கத்தில் வாயுவைக் காட்டும் டேவி பாதுகாப்பு விளக்கு இருந்ததே, குருவி எதற்கு?

பதில்: விளக்கு மீத்தேனைக் காட்டும், சுடரின் மேல் வெளிர்நீலத் தொப்பி போல் எழும். கார்பன் மோனாக்சைடை அதில் பார்க்க முடியாது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். 1896இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பல்ல, இந்த வாயுதான் என்று உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் கண்டார். சிறு பறவையையோ எலியையோ கூடவே கொண்டுபோகச் சொன்னவர் அவர்.

கேள்வி: எலியைவிட கேனரி ஏன் மேல்?

பதில்: எலி சுருண்டு கிடந்தால் தூக்கமா மயக்கமா என்று தெரியாது. குருவி தடுமாறுவதும் குச்சியிலிருந்து விழுவதும் மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். பறவைக்கு உடலில் காற்றுப்பைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்று ஓடும். காற்றில் 0.20 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு கலந்தால் கேனரி ஒன்றரை நிமிடத்தில் வாடும், ஏறத்தாழ 5 நிமிடத்தில் விழும். மனிதருக்குத் தலைவலி தொடங்குமுன் வெளியேற அந்த அவகாசம் போதும்.

கேள்வி: அப்படியானால் குருவியைப் பலி கொடுத்தார்களா?

பதில்: இல்லை, காப்பாற்றவே பார்த்தார்கள். மீட்புக் குழுவின் கூண்டு உலோகச் சட்டமும் கண்ணாடியுமாக இருக்கும். முன்பக்கம் கம்பி அடைத்த வட்ட வாய், அதை மூட ஒரு கதவு. மேலே கைப்பிடியாக இருப்பதே சின்ன ஆக்சிஜன் உருளை. குருவி விழுந்ததும் கதவை மூடி வால்வைத் திருகினால், மறுபடி எழுந்து உட்காரும். பிரிட்டனில் 1911 சட்டம் இப்பறவைகளைச் சுரங்கத்தில் வைக்கச் சொன்னது. 1986இல்தான் அவற்றுக்குப் பதில் மின்னணுக் கருவிகள் வரப்போவதாக அறிவித்தார்கள்.

கேள்வி: ஐடியில் ‘கேனரி ரிலீஸ்’ என்பதும் இதுதானா?

பதில்: ஆமாம். புதுப் பதிப்பை முதலில் சிறு பங்கு பயனர்களுக்கு மட்டும் விட்டு, பிழை கூடினால் திரும்பப் பெறுவது.

கேள்வி: நம் பாறுக் கழுகுகள் பெருமளவு அழிந்ததற்கு இத்தொடரைப் போடலாமா?

பதில்: பலர் போடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதே மருந்தை மனிதர் மாத்திரையாகச் சாப்பிடுகிறோம். ஒரே நஞ்சு இருவரையும் நோக்கி வரவில்லை. சரியான எடுத்துக்காட்டு ஜப்பானின் மினமாட்டா. ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசம் விரிகுடா மீனில் ஏறியது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்தன. மக்களுக்கு வந்த நோய் 1956இல்தான் பதிவானது. பூனையும் குழந்தையும் தின்றது ஒரே மீன்.