மேசை எடுக்கிற வேலை: கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: அண்ணை, ரவுணில ஒரு சாப்பாட்டுக்கடையில மேசை துடைக்கச் சேர்ந்திருக்கிறன். முதல் எதைப் பழக?

பதில்: தம்பி, வெறுங்கையோட குசினிக்குப் போகாதையும், அதுதான் முதல் பாடம். மிச்சச் சாப்பாட்டை ஒரு சாப்பாட்டுக் கோப்பையில வழிச்சுப்போட்டு ஒரே அளவுக் கோப்பையளை அடுக்கும், பாரமானது தட்டத்தின்ர நடுவில. கிளாசை ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டால் இறுகி வெடிச்சுப்போம். உள்ளுக்க விரலை விட்டு நாலு கிளாசை ஒண்டாத் தூக்கிறதைக் கண்டால் எனக்குக் கோவம் வரும், அது சனம் வாய் வைக்கிற இடம். பக்கத்தில ஆக்கள் சாப்பிடேக்க துணியை உதறவே கூடாது.

கேள்வி: லஞ்ச் சீட், அதுதான் சாப்பாட்டுக்குக் கீழ விரிக்கிற மெல்லிய பொலித்தீன், போட்ட கோப்பையைக் கழுவத் தேவையில்லையாம், முதலாளி சொல்லுறார்.

பதில்: கழுவோணும். சீட்டை இழுக்கேக்க குழம்பு கரையால வழியும், சாப்பிட்ட கையும் கோப்பையில பட்டிருக்கும்.

கேள்வி: கிளாசை எவ்வளவு கழுவினாலும் வெள்ளைப் புள்ளி நிக்குது அண்ணை.

பதில்: அது ஊத்தை இல்லை, எங்கட தண்ணி. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத்தண்ணியில கல்சியம் கூட, தானாக் காயவிட்டால் தண்ணி போய் உப்புத்தான் மிஞ்சும், அதால கழுவின கையோட காய்ஞ்ச துணியால துடைச்சுப்போடுங்கோ, பழைய புள்ளிக்கு வினாகிரி தண்ணியில கொஞ்சநேரம் ஊறவிட்டாப் போகும். துடைக்கிற துணி மேசைத்துணியா இருக்கக்கூடாது. மேசைக்கு ஒண்டு, கதிரைக்கு ஒண்டு, கிளாசுக்கு ஒண்டு, கலர் மாத்தி வைச்சால் பிழை வராது.

கேள்வி: வடை, ரோல்ஸ் தட்டை மேசையில வைச்சிட்டு மிச்சத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோறது சரியோ?

பதில்: பழக்கம் அப்பிடித்தான், ஆனா எனக்கு மனசு ஒப்பாது. குழந்தையள் எல்லாத்தையும் தொட்டுப் பாக்கும். கேட்டு, கேட்டதை மட்டும் இடுக்கியால எடுத்து வையுங்கோ. தட்டு வைக்கிற கடையெண்டால் வைக்கேக்கயும் எண்ணுங்கோ, ஆக்கள் எழும்பமுன்னமும் எண்ணுங்கோ, இல்லாட்டி கணக்குப் பிழைச்சு உங்கட தலையில விழும்.

கேள்வி: அண்ணை, ஹொட்டேல் இன்டர்வியூ ஒண்டிருக்கு, மேசை போட்டுக் காட்டச் சொல்லுவினமாம்.

பதில்: தங்கச்சி, முள்ளுக்கரண்டி இடது, கத்தி வலது, கத்தியின்ர கூர்ப்பக்கம் கோப்பையைப் பாக்கோணும். சூப் கரண்டி கத்திக்கு வலப்பக்கம், தண்ணிக் கிளாஸ் கத்தி நுனிக்கு மேல. எல்லாத்தையும் பிடியில பிடிச்சு வையும்.

கேள்வி: சேர்விஸ் சார்ஜில மேசை எடுக்கிறவைக்குப் பங்கில்லையாம். உண்மையோ?

பதில்: என்னைக் கேட்டால் அது அநியாயம். மேசை கெதியாக் காலியானாத்தானே அடுத்த ஆக்கள் இருக்கலாம். பில்லில 10 வீதம் போடுற கடையெண்டால் சேரமுன்னமே எப்பிடிப் பிரிக்கிறியள் எண்டு கேளுங்கோ, வெக்கப்படாதையுங்கோ. 2026 ஜனவரியில இருந்து குறைஞ்ச மாதச்சம்பளம் 30,000 ரூபா. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டினால் முதலாளி 12 வீதம் போடோணும், ஈரீஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவர்தான், அதை உங்கட சம்பளத்தில வெட்டேலாது. சம்பளத்துண்டை மாதாமாதம் வாங்கி வையுங்கோ.