எண்ணெய் வேண்டாம்

கேள்வி: நான் திருநங்கை. தேங்காயெண்ணெய் தடவித்தான் உறவுகொள்கிறோம். ஆணுறை இருமுறை கிழிந்துவிட்டது. கிழிந்தால் உடனே என்ன செய்வது?

பதில்: எண்ணெய்தான் காரணமாக இருக்கும். எண்ணெயோ வாசலினோ, ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை சில நிமிடங்களில் இளக்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் போதும். கிழிந்துவிட்டால் ஆசனவாயின் உட்புறத்தைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். சவ்வு புண்ணாகித் தொற்று இன்னும் எளிதாகும். அரசு மருத்துவமனையின் ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவி சிகிச்சை மையம்) போங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி (சீக்கிரம் தொடங்குவதே நல்லது) 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அதில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், அதைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தே கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைப் போடுங்கள். பால்வினை நோயான சிபிலிஸுக்கு ரத்தப் பரிசோதனை தனி. இன்னொரு பால்வினை நோயான கொனோரியா ஆசனவாயில் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. அங்கிருந்தே மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.