மூன்று ஹாரன்

அன்புள்ள ஐயா,

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயைப் பற்றி ஒரு கதை எழுதினேன். என் கதாநாயகன் மணவாளக்குறிச்சிக்காரன், 23 வயது, விசைப்படகில் வேலை. மணல் ஆலைக்காரர்கள் தன்னைக் கண்காணிப்பதாக நம்புகிறான். தனக்குத்தானே சிரிக்கிறான், சட்டையைக் கிழிக்கிறான், கடற்கரையில் யட்சியைப் பார்க்கிறான். கடைசியில் அம்மா கட்டிப்பிடித்து அழ, தெளிந்துவிடுகிறான். கதையைப் படித்த நண்பர் ‘இது நோயே இல்லை’ என்கிறார். எங்கே பிசகினேன்?

வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

கரு நல்ல கரு. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. கதிர்வீச்சை எண்ணி ஊரே பயந்தாலும் அது நோயல்ல. ‘பஸ் மூணு ஹாரன் அடிச்சுது, உடனே டீக்கடையில மூணு பேர் எழும்பிப் போனானுவ, எனக்குத்தான் அடையாளம் காட்டுகானுவ’ என்று உங்கள் ஆள் கோக்கத் தொடங்கும் இடத்தில்தான் மருட்சி, அதாவது எதைச் சொன்னாலும் அசையாத பொய் நம்பிக்கை, பிறக்கிறது. உலகத்தின் சில்லறைச் சம்பவமெல்லாம் அவனை நோக்கித் திரும்பிவிடும். மறுத்துப் பேசும் நண்பனிடம் ‘ஒனக்கும் பைசா தந்தானுவளா?’ என்பான். நீங்கள் நீட்டும் ஆதாரமும் சதியில் சேர்ந்துகொள்ளும். இந்தக் கோவையை எழுதுங்கள், சட்டை கிழிய வேண்டாம்.

வயது சரி. ஆண்களுக்கு மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் இறுதிக்கும் இருபதுகளின் நடுவுக்கும் இடையில் தொடங்கும். ஆனால் ஒரே இரவில் வராது. அதற்கு முன் பல மாதங்கள் தூக்கம் கெடும், குளிக்க மாட்டான், கூட்டாளிகளை விட்டு விலகுவான், கடலுக்குப் போகாமல் இருக்கக் காரணம் சொல்வான். வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள், செய்வினை என்று மந்திரவாதியிடம் அழைத்துப்போவார்கள். உங்கள் கதையில் இந்த மாதங்களே இல்லை.

யட்சியை எடுத்துவிடுங்கள். இந்த நோயில் காட்சியைவிடக் குரல்தான் அதிகம். இருவர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள்: ‘எழும்பிட்டான். செருப்பு தேடுகான்.’ தனியாகச் சிரிப்பதற்கும் காரணம் அந்தப் பேச்சாக இருக்கலாம். வாசகருக்கு அது கேட்க வேண்டும். காட்சிதான் வேண்டுமென்றால் அவனைப் பெருங்குடிகாரனாக்கி, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, இடம் தெரியாமல் தடுமாற வையுங்கள். அது வேறு நோய், வேறு கதை.

அம்மாவின் கண்ணீர் மருட்சியைக் கரைக்காது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மாத்திரை தொடங்கினால் சில நாளில் தூக்கம் வரும், பதற்றம் தணியும். அந்தப் பொய் நம்பிக்கை தளர வாரங்கள் ஆகும். பலருக்கு அது முழுதாக அழிவதில்லை, அதன் பிடிதான் விடும். ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையில் கை விறைக்கலாம், நடுங்கலாம், ஓரிடத்தில் உட்கார முடியாமல் போகலாம். ஓலன்சபின் என்ற மாத்திரையில் பசி ஏறி உடல் பெருக்கும். வலை இழுப்பவனுக்குக் கை விறைத்தால் பிழைப்பு போச்சு. அவன் மாத்திரையை ஒளித்துவைப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? மீண்டும் குரல்கள் வருவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

அம்மாவை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அவள் மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். ‘எனக்கு அது கேக்கல்ல மக்களே. நீ பயந்து கெடக்கது தெரியுது. வா, சோறு தின்னு.’