முதலில் கண், அப்புறம் துப்பாக்கி

சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு ஒருவரை ஒருவர் சுட்டு ஆடும் ஏர்சாஃப்ட் விளையாட்டு பற்றி வந்த கேள்விகள் சில. பதில் சொல்பவர் பல ஆண்டுகளாகக் களத்தில் நடுவராக நிற்பவர். ஓய்வு நேரத்தில் பழுதும் பார்ப்பவர்.

கேள்வி: முதல் துப்பாக்கி வாங்கப் போகிறேன், அண்ணா. கையில் இருப்பு குறைவு. கடைக்காரர் ஒன்றை நீட்டி, "முழுக்க உலோகம், எடையைப் பாருங்கள்" என்கிறார். அதே விலையில் பிளாஸ்டிக் உடம்போடும் ஒன்று இருக்கிறது. எது தேறும்? – கல்லூரி மாணவர்

பதில்: எடையைக் காட்டி விற்பது பழைய வித்தை, தம்பி. ஜப்பானின் டோக்கியோ மருயி 1991-இல் பேட்டரித் துப்பாக்கியை முதன்முதலில் கொண்டுவந்தபோது அதன் உடம்பு பிளாஸ்டிக்தான். குண்டைத் தள்ளுவது உடம்பு இல்லை, உள்ளே இருக்கிற கியர்பாக்ஸ். மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்ற, அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும். பிடி விட்டதும் பிஸ்டன் முன்னால் பாயும், அந்தக் காற்றில் குண்டு போகும். அதே விலையில் வெளியே உலோகம் கொடுத்தால் உள்ளே எங்கோ கைவைத்திருப்பார்கள்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. கியர்பாக்ஸ் ஓடு உலோகமா? அது வெர்ஷன் 2 அல்லது வெர்ஷன் 3 என்ற பொது அளவில் இருக்கிறதா? இருந்தால் எந்த உதிரியும் எங்கும் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு பல் போனதும் மொத்தமும் குப்பை. என் மேசையில் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பல் போன பிஸ்டன்களைப் போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் பல்தான் மழுங்கியிருக்கும். 7.4 வோல்ட்டுக்குச் செய்த துப்பாக்கியில் 11.1 வோல்ட் பேட்டரியைச் செருகி, "சும்மா பறக்குது அண்ணா" என்று சந்தோஷப்பட்டவர்களுடையது.

அடுத்தது ஹாப் அப். குண்டு போகும் குழாயான பேரலின் தொடக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் குண்டின் தலையை உரசி, அதைப் பின்பக்கமாகச் சுழல வைக்கும். அந்தச் சுழற்சிதான் குண்டைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. அதைத் திருகி அளவு மாற்ற முடியாத துப்பாக்கி வேண்டாம். வேகம் பார்க்கும் கருவி இருந்தால் 10 குண்டு சுடச் சொல்லுங்கள். எண்கள் அருகருகே நின்றால் நல்லது. ஒன்றுக்கொன்று நொடிக்கு 20, 30 அடி தாவினால் எங்கோ காற்று கசிகிறது.

கேஸ் துப்பாக்கி கையில் அருமையாக உதைக்கும். ஆனால் குளிரில் சோர்ந்துவிடும், குண்டும் கேஸும் நிரப்பும் மேகசின் கசியும். இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டியின் மேல் குண்டின் வேகம் நொடிக்கு 400 அடி என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நண்பனுடையது 330 தான். அப்படியென்றால் என்னுடையது நல்லதுதானே?

பதில்: எந்த எடைக் குண்டை வைத்து 400 என்று பெட்டியில் இருக்கிறதா? இருக்காது. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 328 அடி போனால் அதன் ஆற்றல் 1 ஜூல். அதே 1 ஜூல் துப்பாக்கியில் 0.12 கிராம் குண்டைப் போட்டால் கருவி 420-க்கு மேல் காட்டும். துப்பாக்கி வளரவில்லை, குண்டு இளைத்திருக்கிறது. ஜப்பானில் சட்ட வரம்பே 0.98 ஜூல்தான், அதற்குள்தான் அத்தனை பேரும் ஆடுகிறார்கள். பெட்டியோடு இலவசமாக வரும் 0.12 குண்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பூந்தொட்டியில் போடுங்கள். பாதிக் குண்டுகளின் நடுவில் தையல் கோடு தெரியும், பேரலுக்குள் சிக்கும். 0.20 அல்லது 0.25 கிராமில் வழவழப்பானதாக வாங்குங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கித் திரும்பப் போடாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், பேரல் கீறிவிடும்.

கேள்வி: துப்பாக்கிக்கே காசு சரியாகப் போய்விட்டது. பட்டறையில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. அது போதாதா?

பதில்: துப்பாக்கி வாங்கிவிட்டு மிச்சத்தில் கண்ணாடி தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சரி, வாங்கியாயிற்று. அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்.

ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால், 0.86 கிராம் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 0.87 ஜூல். உங்கள் துப்பாக்கி 1 ஜூல் என்றால்கூட அதைவிட அதிகம். பி என்ற எழுத்து இருந்தால் 120 மீட்டர் வேகம், 6 ஜூலுக்கு மேல் வரும். நிம்மதியாக மாட்டலாம். சாதாரண மூக்குக்கண்ணாடி வடிவத்துக்கு பி கிடைக்கவே கிடைக்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸுக்குத்தான் கிடைக்கும். அமெரிக்க முத்திரை என்றால் இசட் 87-க்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் வேண்டும். பிளஸ் இல்லாதது, ஓர் எஃகு உருண்டையை இடுப்பைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து மேலே போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான்.

எந்த முத்திரையும் இல்லாத ஒன்றை ஒருமுறை அட்டைப்பெட்டியில் மாட்டி, பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, கைநீட்டும் தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தேன். நானும் நல்ல காகிள்ஸ் மாட்டிக்கொண்டுதான். இல்லாவிட்டால் தெறித்து நம் மேலேயே வரும். மூன்றாவது குண்டில் லென்ஸ் நட்சத்திரமாக விரிந்தது. தாளில் ஒரு சில் குத்தி நின்றது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்ட. நீங்களும் இப்படிச் சோதிக்கலாம், ஆனால் சோதித்த லென்ஸை அப்புறம் மாட்டக் கூடாது.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. காகிள்ஸை மாட்டிக்கொண்டு கன்னத்தோரத்திலும் மூக்கோரத்திலும் பென்சிலை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். பென்சில் போனால் 6 மில்லிமீட்டர் குண்டும் போகும்.

கம்பிவலைக் கண்ணாடியில் ஆவி படியாது என்று பலர் மாட்டுகிறார்கள். சுவரில் பட்டு உடையும் குண்டின் துணுக்குக்கு வலை ஒரு தடையா? வலை வாய்க்கு இருக்கட்டும், கண்ணுக்குப் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக். குறைந்த காசில் இரண்டும் வேண்டுமென்றால் சாயக் குண்டு சுட்டு ஆடும் பெயின்ட்பால் விளையாட்டின் முழு முகமூடி பாருங்கள். கிட்டத்தட்ட 12 ஜூல் அடியைத் தாங்கச் செய்தது. பார்க்க விண்வெளி வீரர் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி. எதுவும் தெரிவதில்லை.

பதில்: இரட்டை அடுக்கு லென்ஸ் வாங்குவதுதான் சரியான வழி. அதுவரை பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி தடவி, நீர்விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். பாலிகார்பனேட் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விடும். ஆட்டத்தின் நடுவில் கண்ணாடியைத் தூக்கித் துடைப்பவரைப் பார்த்தால் நான் விசில் ஊதி மொத்த ஆட்டத்தையும் நிறுத்திவிடுவேன். திட்டு வாங்குவது பழகிவிட்டது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கண்ணுக்கு நல்லதாக வாங்கிக் கொடுத்துவிட்டோம். வாய்க்கு மட்டும் எதுவும் மாட்ட மாட்டேன் என்கிறான், அசிங்கமாக இருக்கிறதாம். வற்புறுத்தலாமா? – ஒரு தாய்

பதில்: வற்புறுத்துங்கள், அம்மா. எனக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிதான் அசல், மீதி மருத்துவர் கட்டியது. களத்துக்கு வெளியே துப்பாக்கியைப் பையை விட்டு எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். தெருவில் பார்ப்பவருக்கு நிஜத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பையில் வைக்கும் முன் மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது, ஹாப் அப் அறையில் ஒரு குண்டு தங்கியிருக்கும். மேகசினைக் கழற்றிய பிறகு, முகமூடியோடேயே, தரையைப் பார்த்து இரண்டு முறை விசையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். என் பல் போனது ஆட்டத்தில் இல்லை. முடிந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நண்பன், கையில் மேகசின் இல்லாத துப்பாக்கி, "காலிடா" என்றான்.